கல்லறை இருக்கும் இடத்தில்தான் கைடு இருப்பார்

ஆபீஸ் வேலையாக வெளிநாடு போகிற நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "சனி, ஞாயிறு சும்மாதான் இருக்கேன். மால், பீச் எல்லாம் வேண்டாம். அந்த ஊர்ல நடந்த போர், அரசியல் இதையெல்லாம் ஒழுங்கா விளக்கிச் சொல்ற டூர் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்ஆப்பில் தனித்தனியாக எழுதி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் கடந்த நூறு, நூற்றைம்பது வருட விஷயங்கள். சோழர், பல்லவர் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும்.

முதலில், சும்மா தேடினால் என்ன கிடைக்கும் என்று பார்த்துவிடுவோம். தாய்லாந்தின் காஞ்சனபுரியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். பாங்காக்கிலிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை, நம்மவர்கள் "மரண ரயில்" என்று சொல்வது, இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. தேடுபொறியில் ஊர்ப் பெயரோடு "டூர்" என்று போட்டால் வரிசையாக ஒரு நாள் பேக்கேஜ்கள் வரும். காலையில் பாங்காக் ஹோட்டலில் ஏற்றிக்கொள்வார்கள். மிதக்கும் சந்தை, பாலத்தின் மேல் போட்டோ, கொஞ்ச தூரம் ரயில், மதியச் சாப்பாடு, யானை, இருட்டுவதற்குள் திரும்ப ஹோட்டல். நடுவில் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குக் கால் மணி நேரம். போகவர ஐந்து மணி நேரம் வேனிலேயே போய்விடும் என்பதால் அதற்கு மேல் ஒதுக்கவும் முடியாது.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. புக்கிங் தளங்கள் கமிஷனில் ஓடுகின்றன. அதிகம் விற்பது மேலே வரும். ரிவ்யூ எழுதுகிறவர் வேனில் ஏசி வேலை செய்ததா, சாப்பாடு நல்லா இருந்ததா, கைடு சிரிக்கச் சிரிக்கப் பேசினாரா என்றுதான் எழுதுவார். சொன்ன தகவல் சரியா என்று சோதிக்க அவரிடம் வழி கிடையாது. ஆகவே 4.8 ஸ்டார் என்பது வேனுக்கும் சாப்பாட்டுக்கும் கிடைத்த மார்க். வரலாற்றுக்கு அந்தத் தளத்தில் மார்க் போடும் இடமே இல்லை.

அதனால் என் வழக்கம், "டூர்" என்ற சொல்லை வைத்துத் தேடுவதில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பொறுப்பேற்று ஒரு நிறுவனம் இருக்கிறதா என்று முதலில் தேடுவேன். அருங்காட்சியகம், நினைவிடம், ஆவணக் காப்பகம், எதுவானாலும் சரி. அது இருந்தால் அதன் சொந்த இணையதளத்திலேயே "வருகை" பக்கத்தில் வழிகாட்டி நடைகள் பற்றி இருக்கும். பல நேரம் புக்கிங் தளங்களில் அவை வராது, ஏனென்றால் கமிஷன் கொடுக்க அவர்களிடம் பணம் இல்லை. உள்ளூர் மொழிச் சொல்லையும் போட்டுத் தேடுங்கள். ஜெர்மனியில் நினைவிடத்துக்கு "கெடெங்க்ஷ்டேட்ட" என்று பெயர். மொழிபெயர்ப்புச் செயலியில் அந்தச் சொல்லை எடுத்து ஊர்ப் பெயரோடு போட்டால், ஆங்கிலத் தேடலில் வராத இடங்கள் பத்தாவது வரும்.

போலந்தில் ஆஷ்விட்ஸ் இதற்கு நல்ல உதாரணம். நுழைவு இலவசம், ஆனால் முன்பதிவு வேண்டும். அங்கே கைடாக இருக்க அருங்காட்சியகமே பயிற்சி கொடுத்து உரிமம் தர வேண்டும். கிராக்கோவ் நகரத்தில் விற்கும் விலை உயர்ந்த பேக்கேஜில் சேர்ந்தாலும், உள்ளே உங்களை அழைத்துப் போகிறவர் அதே அருங்காட்சியகக் கைடுதான். கூடுதல் காசு பஸ்ஸுக்கு. பெர்லின் பக்கத்தில் இருக்கும் சாக்ஸன்ஹவுசன் வதைமுகாமிலும் நினைவிடம் அனுமதித்த கைடுகள்தான் குழுவை அழைத்துப் போக முடியும்.

அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க்கில் இந்த ஏற்பாடு 1915இலேயே வந்துவிட்டது. உள்நாட்டுப் போரின் பெரிய சண்டை 1863இல் நடந்த ஊர். கைடு என்று சொல்லிக்கொண்டு வாய்க்கு வந்ததை அளக்கிறவர்கள் பெருகியபோது, தேர்வு வைத்து உரிமம் கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்றும் எழுத்துத் தேர்வு உண்டு. அதில் தேறினால் களத்திலேயே வாய்மொழித் தேர்வு. இந்தக் கைடு உங்கள் காரிலேயே ஏறி, அவரே ஓட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரம் உங்களுக்கு மட்டும் சொல்வார். ஒரு நண்பன் குடும்பத்தோடு போய்வந்து, "ஆயிரம் கேள்வி கேட்டேன், மனுஷன் அசரவே இல்லடா" என்றான். பிரிட்டனில் போர்க்களக் கைடுகளுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது; அவர்களும் தேர்வு வைத்துத்தான் பேட்ஜ் கொடுக்கிறார்கள்.

"இலவச நடை" என்று ஐரோப்பிய நகரங்களில் ஒன்று இருக்கிறதே, அது எப்படி என்று கேட்பார்கள். முதல் நாள் ஊரைத் தெரிந்துகொள்ளப் போகலாம். கைடின் வருமானம் முழுக்க கடைசியில் நீங்கள் கொடுக்கும் டிப்ஸ் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். நாற்பது பேரைக் கட்டிப்போட்டு வைக்க வேண்டியவரிடம் நிதானமான அரசியல் வரலாறு எதிர்பார்ப்பது நியாயமில்லை. பெர்லினில் இந்த நடைகள் எல்லாம் ஒரு கார் பார்க்கிங்கில் வந்து நிற்கும். கீழேதான் ஹிட்லர் செத்த பதுங்குகுழி இருந்தது. அங்கே இருப்பது ஒரே ஒரு தகவல் பலகை, அதுவும் 2006இல் வைத்தது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் கெஸ்டபோ, எஸ்எஸ் தலைமையகங்கள் இருந்த இடத்தில் "டோப்போகிராஃபி ஆஃப் டெரர்" என்ற ஆவண மையம். அனுமதி இலவசம், அரை நாள் வேண்டும். பார்க்கிங்கில் இருக்கும் கூட்டம் அங்கே இருப்பதில்லை.

அடுத்த வகை, சம்பவத்தில் இருந்தவரே கைடாக வருவது. பெர்லினின் ஹோஹன்ஷோன்ஹவுசன் கிழக்கு ஜெர்மனி ரகசியப் போலீசின் விசாரணைச் சிறை. 1994இல் நினைவிடமானது. அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களே பல வருடங்களாக வருகிறவர்களை அழைத்துப் போகிறார்கள். விசாரணை அறையில் நின்று, "நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்தேன், அதிகாரி அந்தப் பக்கம்" என்று ஒருவர் சொல்வதற்குச் சமமாக எந்தக் காட்சிப் பெட்டியும் வராது. சுவர் விழுந்தே முப்பத்தைந்து வருடம் தாண்டிவிட்டது, அவர்களுக்கும் வயதாகிறது. பெர்லின் போனால் இதை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். பிரான்டன்பர்க் வாசல் எங்கேயும் ஓடிப்போகாது.

ஆனால் சாட்சி சொல்கிறவர் ஒரு தரப்பு. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் இதை மறைக்காமல் ஏற்பாடாகவே வைத்திருக்கிறார்கள். முப்பது வருட மோதல், 3,500 பேருக்கு மேல் சாவு, 1998இல் ஒப்பந்தம். ஃபால்ஸ் ரோடு பக்கம் முன்னாள் குடியரசுவாதக் கைதி ஒருவர் அழைத்துப் போவார். இரண்டு பகுதிகளையும் பிரிக்கும் உயரமான சுவரின் கதவருகே வந்ததும் நின்றுவிடுவார். அங்கிருந்து ஷாங்கில் பக்கத்துக்கு, பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்று சண்டை போட்ட தரப்பின் முன்னாள் கைதி ஒருவர் உங்களை வாங்கிக்கொள்வார். ஒரே குண்டுவெடிப்பு, ஒரே வருடம், இரண்டு கதைகள். எது சரி என்று யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. என் கணக்கில் இது நேர்மையான ஏற்பாடு. நடுநிலை என்று சொல்லிக்கொண்டு எதையும் சொல்லாமல் விடும் டூரைவிட இரண்டு பக்கச் சார்பை அடுத்தடுத்துக் கேட்பது எவ்வளவோ மேல்.

அரசே நடத்தும் இடங்களில் அரசின் கதைதான் கிடைக்கும். வியட்நாமில் கூச்சி சுரங்கங்கள் அப்படி. சைகோனிலிருந்து காலையில் போய் மதியம் திரும்பலாம். சுரங்கத்தை வெளிநாட்டு உடம்புக்கு ஏற்ற மாதிரி அகலப்படுத்தி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் துப்பாக்கி சுடும் இடம், தோட்டாவுக்கு இவ்வளவு என்று விலை. தென் வியட்நாம் ராணுவத்தில் இருந்து செத்தவனுக்கு அந்தக் கதையில் இடமில்லை.

சிங்கப்பூர் இன்னும் சுவாரசியம். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தது புக்கிட் தீமாவில் இருந்த ஃபோர்டு கார் தொழிற்சாலையில். அந்தக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். 2017இல் புதுப்பித்துத் திறந்தபோது "சியோனான் காட்சிக்கூடம்" என்று பெயர் வைத்தார்கள். சியோனான் என்பது ஜப்பானியர் ஊருக்கு வைத்த பெயர். மக்கள் கொதித்துப்போனார்கள், இரண்டே நாளில் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. ஊர் பிடிபட்ட சில வாரங்களில் சீன ஆண்களைப் பொறுக்கி எடுத்துக் கடற்கரையில் வைத்துச் சுட்டுத் தள்ளினார்கள். அந்தக் குடும்பங்களுக்கு அந்தப் பெயர் எப்படி இருக்கும்? இதே ஊரின் பாடாங் மைதானத்தில்தான் 1943 ஜூலையில் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் முன் பேசினார். மலாயாத் தோட்டத் தமிழர் பலர் அந்தப் படையில் சேர்ந்தார்கள். அந்தப் படைக்கு 1945இல் எழுப்பிய நினைவுத்தூணை, திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துப் போட்டார்கள். 1995இல் அந்த இடத்தில் ஒரு நினைவுக்குறி வைத்தார்கள். சீனக் குடும்பத்துக் கைடு ஒருவரோடும் தமிழ்க் குடும்பத்துக் கைடு ஒருவரோடும் தனித்தனியாக நடந்தால், அதே மூன்றரை வருடம் வேறு வேறு மாதிரி இருக்கும். சிங்கப்பூரில் தேசிய மரபுடைமைக் கழகத்தின் அருங்காட்சியகங்களில் அடிக்கடி வழிகாட்டி நடைகள் உண்டு. அவர்களின் நிகழ்ச்சிப் பட்டியலை டிக்கெட் போடும்போதே பார்த்துவிடுங்கள்.

சரி, இப்போது காஞ்சனபுரிக்குத் திரும்புவோம். இந்தப் பதிவில் நான் சொல்ல நினைத்த விஷயம் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

வேன் டூரை விட்டுவிட்டு, மேலே சொன்ன முறைப்படி தேடினால் அருமையான இடங்கள் கிடைக்கும். போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு எதிரிலேயே தாய்லாந்து-பர்மா ரயில்வே மையம் என்ற அருங்காட்சியகம், 2003இல் ஆரம்பித்தது. பாதையைப் பல வருடம் காட்டுக்குள் நடந்தே அளந்த ஒரு ஆஸ்திரேலியர் உருவாக்கியது. நகரத்திலிருந்து வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டரில் ஹெல்ஃபயர் பாஸ். பாறையைக் கையால் உடைத்துப் பாதை போட்ட இடம். 1980களில் முன்னாள் கைதி ஒருவர் திரும்பி வந்து, காடு மூடிக் கிடந்த அந்த வெட்டுப் பள்ளத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். 1998இல் ஆஸ்திரேலிய அரசு அங்கே ஒரு அருங்காட்சியகம் கட்டியது. அனுமதி இலவசம், காதில் மாட்டிக்கொள்ளும் ஒலி வழிகாட்டியும் இலவசம். வருடந்தோறும் ஏப்ரல் 25 விடிகாலையில் ஆஸ்திரேலியர்கள் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். தாத்தா அங்கே கைதியாக இருந்தார் என்று ஒரு ஆஸ்திரேலியரோ ஆங்கிலேயரோ டச்சுக்காரரோ வந்தால், ரயில்வே மையத்தின் பதிவுகளைப் பார்த்து, எந்தப் பிரிவு, எந்த முகாம், எந்தத் தேதி, எந்தக் கல்லறை என்று சொல்லி, அந்த முகாம் இருந்த இடத்துக்கே கூட்டிப்போக முடியும். உலகத்தில் இதைவிடச் சிறந்த போர்க்கால வழிகாட்டல் அதிகம் இல்லை என்பேன்.

இப்போது எண்களைப் பாருங்கள். பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942 நடுவில் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்தார்கள். வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். அதில் இறந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர், சீனர். இவர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் கொண்டுபோனது 70,000 பேருக்கு மேல், அதில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள்.

அதாவது ஒரு வெள்ளைக்காரக் கைதி செத்தால் கூடவே ஏழு ஆசியத் தொழிலாளர்கள் செத்திருக்கிறார்கள். டூரிலோ ஏழுக்கு ஒன்று என்பது அப்படியே தலைகீழ். ஒரு மணி நேரம் பேசினால் தொழிலாளர்களுக்கு ஐந்து நிமிடம் வந்தால் அதிகம்.

உடனே "இனவெறி" என்று முடிவு கட்டிவிட்டால் காரணம் புரியாது. நம்ம தொழிலில் ஒன்று சொல்வோம்: சர்வர் விழுந்த பிறகு, லாக் எழுதின புரோகிராமுக்கு என்ன ஆச்சு என்றுதான் தெரியும், லாக் எழுதாத புரோகிராம் ஓடியதற்கே தடயம் இருக்காது. போர்க்கைதிகளுக்கு லாக் இருந்தது. அவர்கள் ராணுவம், பெயர்ப் பட்டியல் இருந்தது, அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். சாவுப் பதிவுகளை ஜப்பானியருக்குத் தெரியாமல் எழுதி, செத்த நண்பனின் குழியிலேயே புட்டியில் அடைத்துப் புதைத்தும் வைத்தார்கள். போர் முடிந்த சில வாரங்களிலேயே, 1945 செப்டம்பரில், ஒரு கல்லறைத் தேடல் குழு ரயிலிலேயே பாதை நெடுகப் போனது. 144 இடுகாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். அந்த உடல்களை எடுத்துத்தான் காஞ்சனபுரி, சுங்காய், பர்மாவில் தான்புசயாட் என்று மூன்று தோட்டங்களில் அடக்கம் செய்தார்கள். காஞ்சனபுரியில் மட்டும் ஏறக்குறைய 7,000 கல்லறைகள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இன்றுவரை புல் வெட்டிப் பராமரிக்கிறது. (சென்னைக்காரர்கள் இந்த ஆணையத்தின் வேலையைப் பார்க்கத் தாய்லாந்து போக வேண்டாம். மவுண்ட்-பூந்தமல்லி சாலையில், நந்தம்பாக்கத்தில் ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஐடி கம்பெனி பஸ்கள் தினமும் அதைத் தாண்டித்தான் போகின்றன.)

கல்லறை இருந்ததால் குடும்பங்கள் வந்தன. குடும்பங்கள் வந்ததால் கேள்விகள் வந்தன. கேள்விகளுக்குப் பதில் சொல்ல அருங்காட்சியகம் வந்தது, அதிலிருந்து கைடு வந்தார். எங்கே போனாலும் இந்த வரிசையைப் பார்க்கலாம்.

தோட்டத் தொழிலாளிக்கு இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே இல்லை. நாளுக்கு ஒரு டாலர் கூலி, மூன்று மாத வேலை என்று முதலில் ஆசை காட்டினார்கள். போன யாரும் திரும்பி வராததால் ஆள் கிடைப்பது நின்றது. பிறகு பிடிப்புதான். இலவச சினிமா என்று கூப்பிட்டுக் கதவைப் பூட்டி, அப்படியே லாரியில் ஏற்றிய கதைகள் மலேசியத் தமிழர் வீடுகளில் இன்றும் உண்டு. பெயரெழுதி வைக்க அதிகாரி கிடையாது, மருத்துவர் கிடையாது. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாக அழிந்தார்கள். மொத்தமாக எரித்தார்கள், மொத்தமாகப் புதைத்தார்கள். நிலைமை கைமீறியதும் 1943 நடுவில் ஜப்பானியர் சிங்கப்பூர்ச் சிறை முகாமிலிருந்து கைதி மருத்துவக் குழுக்களை, கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் என்று இரண்டு, தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். தமிழர்கள் எப்படிச் செத்தார்கள் என்று இன்று நமக்கு எழுத்தில் கிடைப்பதில் நிறைய, அந்த வெள்ளைக்கார மருத்துவர்கள் எழுதி வைத்தது. நம்ம சாவின் லாக்கும் அடுத்தவன் எழுதியதுதான்.

பிழைத்தவர்கள் தோட்டத்துக்கே திரும்பினார்கள். ஏப்ரல் 25 மாதிரி அவர்களுக்கு ஒரு நாள் கிடையாது, விமான டிக்கெட் வாங்கித் திரும்பி வந்து குழியைத் தேடும் வசதியும் கிடையாது. ஆகவே கல்லறை இல்லை, பார்வையாளர் இல்லை, கைடு இல்லை. 1990இல் காஞ்சனபுரியில் நிலத்தைத் தோண்டும்போது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே இடத்தில் வந்தன. ஒருத்தருக்கும் பெயர் தெரியாது.

இந்த வெற்றிடத்தைச் சினிமா வந்து நிரப்பியது வேறு கதை. 1957இல் வந்த ஹாலிவுட் படம், எடுத்தது இலங்கையின் கித்துல்கலவில். கதையில் வரும் பெயரில் அந்த இடத்தில் ஆறே இல்லை. பாலம் நிற்பது மே குளோங் ஆற்றின் மேல். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் "க்வாய் எங்கே" என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், தாய்லாந்து அரசு ஆற்றின் அந்தப் பகுதிக்கு க்வாய் யாய் என்று பெயரை மாற்றிவிட்டது. டூரிஸ்டுக்காக ஆற்றின் பெயர் மாறிய ஊரில், டூரிஸ்ட் கேட்டால் மற்றதும் மாறும் என்று நான் நம்புகிறேன். அதனால்தான் டூர் எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள் என்கிறேன்.

நான் கைடுக்கு முன்கூட்டியே ஒரு மெயில் போடுவேன். நீளமாக வேண்டாம். எந்தெந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்போம், நீங்கள் சொல்வதற்கு ஆதாரமாக எந்தப் புத்தகங்களை வைத்திருக்கிறீர்கள், இந்த வரலாற்றில் உங்கள் டூரில் வராத ஆட்கள் யார். மூன்றாவது கேள்விதான் சோதனை. நல்ல கைடு அதற்கு உற்சாகமாகப் பதில் போடுவார். அவருக்கே அது உறுத்திக்கொண்டிருக்கும். "எல்லாமே கவர் பண்றோம் சார்" என்று வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். காஞ்சனபுரிக்கு இந்தக் கேள்வி இன்னும் நேராக இருக்கலாம்: தமிழ்த் தொழிலாளர்களைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப்போவீர்களா?

அப்படி ஒரு இடம் இருக்கிறது. போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வாட் தாவோர்ன் வராராம் என்ற வியட்நாமிய பௌத்தக் கோயில். தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்து அதன் மேல் எழுப்பிய ஸ்தூபி அந்தக் கோயிலில் இருக்கிறது. அண்மையில் மலேசியத் தமிழர்கள் முயற்சி எடுத்து அங்கே ஒரு நடுகல்லும் வைத்திருக்கிறார்கள்.   வேன்கள் நிற்கும் இடத்திலிருந்து நடந்தே போகலாம். வேன்கள் அங்கே நிற்பதில்லை.

இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் இப்படிச் செய்யலாம். பாங்காக்கின் தோன்புரி ஸ்டேஷனிலிருந்து நாம் டோக் வரைக்கும் போகிற சாதாரண ரயில் இருக்கிறது. மரண ரயில் பாதையில் இன்றும் ஓடும் பகுதி அதுதான். மலைச் சரிவை ஒட்டி மரக்கால்களின் மேல் வண்டி ஊர்ந்து போகிற இடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளுங்கள். முதல் நாள் ரயில்வே மையத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் அந்தக் கோயிலையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். மறுநாள் விடிகாலையில் வண்டி வைத்துக்கொண்டு ஹெல்ஃபயர் பாஸ். வெயில் ஏறுவதற்குள் பள்ளத்தில் இறங்கி நடக்க வேண்டும். போவதற்கு முன் மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் "சயாம் மரண ரயில்", அ. ரங்கசாமியின் "நினைவுச் சின்னம்" இரண்டு நாவல்களில் ஒன்றையாவது படித்துவிடுங்கள். கைடு சொல்லாத பாதியைத் தமிழில் சொல்கிற புத்தகங்கள் அவை.

பாலத்துக்கும் போகத்தான் வேண்டும். வளைவான இரும்புச் சட்டங்கள் போர்க்காலத்தவை. நடுவில் கோணலாக நிற்கும் இரண்டும் குண்டு வீச்சில் உடைந்த பிறகு மாற்றியவை. போட்டோ எடுத்தபின் ஆற்றோரமாகக் கொஞ்சம் நடங்கள். ஜப்பானிய ராணுவம் 1944இல், போர் முடிவதற்கு முன்பே, பாதையில் இறந்தவர்களுக்காக ஒரு நினைவுச் சின்னம் கட்டியது. அவர்களே வேலை வாங்கி, அவர்களே சாகவிட்டு, அவர்களே கட்டியது. மூலைகளில் இறந்தவர்களின் மொழிகளில் கல்வெட்டுப் பலகைகள் உண்டு. அதில் ஒன்று தமிழ். அங்கே வருகிற கைடுகளில் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், கைடு கூட இருந்தால் படித்து அர்த்தம் சொல்லுங்கள்.

இன்னொன்று. தஞ்சாவூர், புதுக்கோட்டை, நாமக்கல் பக்கத்திலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்கள் ஏராளம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் யாராவது உண்டா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இருந்தால் பெயர், அப்பா பெயர், சொந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த வருடம் பிடித்துப் போனார்கள், யார் சொல்லித் தெரியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, மற்றதைக் காஞ்சனபுரி போகும்போது ரயில்வே மையத்தில் கொடுங்கள். நேரில் போக முடியாதவர்கள் மெயிலிலும் அனுப்பலாம்.